எரேமியா சொன்ன ஆமென்: ‘பொறையார் வீடு’ வாட்ஸ்அப் குழு

சனிக்கிழமை

காலை 5:48
சித்தி திருச்சி: ஸ்தோத்திரம். எல்லோரும் கட்டாயம் பாருங்கள், 22ஆவது நிமிடத்திலிருந்து. இந்தத் தேர்தலில் யார் முதலமைச்சராக உட்காருவார் என்று கர்த்தர் தெளிவாகக் காட்டிவிட்டாராம். ஓட்டுப் போடுவதற்கு முன்னால் பத்துப் பேருக்காவது அனுப்பச் சொல்லியிருக்கிறார்.
(வீடியோ. பலமுறை ஃபார்வர்டு செய்யப்பட்டது)

காலை 6:15
தம்பி தஞ்சாவூர்: சித்தி, போன தேர்தலுக்கும் இப்படி ஒன்று அனுப்பினீர்கள். அது நடந்ததா? நடக்காததற்கு யாராவது வந்து மன்னிப்புக் கேட்டார்களா? ஆண்டவர் பெயரைச் சொல்லி ஒரு கட்சிக்கு ஓட்டுக் கேட்கிறார்கள், அவ்வளவுதான்.

காலை 6:21
சித்தி திருச்சி: தீர்க்கதரிசனத்தை அற்பமாக எண்ணாதே என்று வேதம் சொல்கிறது. கரைவேட்டி கட்டிக்கொண்டு மேடை மேடையாக ஏறுகிறவனுக்கு ஆவிக்குரிய காரியம் எப்படிப் புரியும்? முதலில் நீ விசுவாசியா என்று உன்னையே கேட்டுக்கொள்.

காலை 6:24
தம்பி தஞ்சாவூர்: சரி சித்தி. நான் விசுவாசி இல்லை. நிம்மதியாக இருங்கள்.

தம்பி தஞ்சாவூர் குழுவிலிருந்து வெளியேறினார்

காலை 6:40
நான்: சித்தி, இப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். அப்பா போன பிறகு நம் எல்லோரையும் ஒரே பந்தியில் உட்கார வைத்துக்கொண்டிருந்தது அவன்தான். எனக்கு இன்னும் இரண்டு வாரத்தில் தேர்தல் டூட்டி. அந்தப் பயிற்சிக்குப் போகும்போதெல்லாம் ஒன்று நினைவுக்கு வரும்: மதத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்பதே தவறு என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123(3) சொல்கிறது. 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வும் அதைப் பெரும்பான்மையாக உறுதி செய்தது. மேடையில் வேட்பாளர் செய்யக்கூடாததைச் சபையில் நாம் ஏன் செய்ய வேண்டும்?

காலை 7:02
டல்லாஸ் அண்ணன்: இங்கே இப்போது ராத்திரி, தூக்கம் வரவில்லை. சித்தி, நான் பார்த்ததைச் சொல்கிறேன். 2020-ல் இங்கே அமெரிக்காவில் பெயர் பெற்ற தீர்க்கதரிசிகள் பலர், டிரம்ப்தான் அடுத்தடுத்து இரண்டாவது முறையும் வருவார் என்று கர்த்தர் பெயரில் சொன்னார்கள். அவர் தோற்றார். அதில் ஜெரமையா ஜான்சன் என்கிறவர் 2021 ஜனவரியில், நான் சொன்னது தவறு, மன்னியுங்கள் என்று வெளிப்படையாக எழுதினார். அதற்கு அவருக்கு வந்த பதில்கள் என்ன தெரியுமா? சாபம், கெட்ட வார்த்தை, கொலை மிரட்டல். அனுப்பியவர்கள் நம்மைப் போல ஞாயிற்றுக்கிழமை பாட்டுப் பாடுகிற ஜனங்கள். எங்கள் சபையில் பதினைந்து வருடம் ஒன்றாகச் சமைத்த இரண்டு குடும்பங்கள் அன்றைக்கு முகம் திருப்பினார்கள், 2024-ல் அதே மனிதர் ஜெயித்த பிறகும் திரும்பிப் பார்க்கவில்லை. யார் ஜெயித்தாலும் அந்த வீடுகள் ஒட்டவில்லை, அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

காலை 7:10
சித்தி திருச்சி: நீங்கள் எல்லோரும் படித்தவர்கள். உங்கள் சித்தப்பா ஐசியூவில் ஒன்பது நாள் கிடந்தபோது, பிழைப்பார் என்று டாக்டர் கூடச் சொல்லவில்லை. எங்கள் பாஸ்டரம்மா தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்து, ‘பயப்படாதே மகளே, இவர் எழுந்து நடப்பார்’ என்றார்கள். நடந்தார். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நான் அன்றைக்கு உயிரோடு இருந்தேன். அதை நான் எப்படி விடுவேன்?

காலை 8:35
அத்தை நாகப்பட்டினம்: விடச் சொல்லவில்லையம்மா. நான் ஒன்று சொல்கிறேன், இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. 2004 டிசம்பர் 26, சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை. தண்ணீர் வடிந்த பிறகு பிள்ளையைத் தேடிக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் கையை நான் பிடித்துக்கொண்டு நடந்தேன். அவள் கையில் ஒரு சின்னச் செருப்பு, ஒற்றைச் செருப்பு, அதை விடவே இல்லை. மூன்றாம் நாள் வெளியூரிலிருந்து ஒருவர் வேனில் மைக் கட்டிக்கொண்டு வந்து, இது வேளாங்கண்ணிக்கு வந்த நியாயத்தீர்ப்பு, எனக்கு முன்னமே வெளிப்பட்டது என்றார். அவள் அதைக் கேட்டாள். அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அன்றிலிருந்து யாராவது ‘கர்த்தர் சொல்கிறார்’ என்று ஆரம்பித்தால் நான் முதலில் பார்ப்பது, பக்கத்தில் யார் அழுதுகொண்டிருக்கிறார்கள், இவர் அவர்களைப் பார்த்தாரா என்றுதான்.

காலை 8:51
சித்தி திருச்சி: அண்ணி, இது எனக்குத் தெரியாது.

காலை 10:20
பெரியப்பா பொறையார்: உளுந்து அடிக்கிற ஆட்கள் வந்துவிட்டார்கள், களத்தில் இருந்தேன். இப்போதுதான் எல்லாம் படித்தேன்.

சின்னவளே, உன் பாஸ்டரம்மா சொன்ன வார்த்தையை நான் தள்ளமாட்டேன். தீர்க்கதரிசனம் பக்திவிருத்தியும் புத்தியும் ஆறுதலும் உண்டாகப் பேசுவது என்று 1 கொரிந்தியர் 14-ல் இருக்கிறது. அந்த அம்மா உன்னைப் பார்த்து, உன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பேசினார். இந்த வீடியோ பேசுகிறவருக்கு உன்னைத் தெரியாது, நாளைக்கு நடக்காவிட்டால் உன் வீட்டு வாசலுக்கு வந்து பதில் சொல்லவும் மாட்டார். அதே அதிகாரத்தில், இரண்டு பேராவது மூன்று பேராவது பேசலாம், மற்றவர்கள் நிதானிக்கக்கடவர்கள் என்றும் இருக்கிறது. பத்துப் பேருக்கு அனுப்பு என்று எழுதியிருக்கவில்லை. நீ சொன்ன ‘அற்பமாயெண்ணாதிருங்கள்’ வசனத்துக்கு அடுத்த வரியே, எல்லாவற்றையும் சோதித்துப் பாருங்கள் என்பதுதான்.

எரேமியா 28-ஐ இன்றைக்கு உட்கார்ந்து படி. அனனியா என்கிற தீர்க்கதரிசி ஆலயத்தில் எல்லோர் முன்னாலும், இரண்டு வருடத்தில் பாபிலோன் நுகம் முறியும் என்றான். ஜனங்களுக்குப் பிடித்த பேச்சு. எரேமியாவுக்கும் அது நடக்க ஆசைதான், அதனால் ‘ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக’ என்றார். சமாதானம் சொல்கிற தீர்க்கதரிசியின் வார்த்தை நடக்கும்போதுதான் அவனைக் கர்த்தர் அனுப்பினார் என்று தெரியும் என்பதையும் சொன்னார். பாபிலோனுக்கு அடங்கியிருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த நுகத்தை அனனியா எடுத்து உடைத்தான். எரேமியா சண்டை போடவில்லை, ‘தன் வழியே போனான்’ என்று இருக்கிறது. கர்த்தரிடமிருந்து வார்த்தை வந்த பிறகுதான் திரும்பி வந்து பேசினார். நாற்பது வருடமாக இந்த வரியில் நான் நின்று நின்றுதான் போகிறேன். எனக்குப் பிடித்த தலைவர் ஜெயிக்க வேண்டும் என்கிற ஆசை தப்பில்லை. அந்த ஆசைக்குக் கர்த்தருடைய கையெழுத்தை நாமே போட்டுவிடுவதை உபாகமம் 18 துணிகரம் என்கிறது.

காலை 10:44
பெரியப்பா பொறையார்: இன்னொன்று. நம் ஆள் வந்தால் சபைக்கு எல்லாம் சரியாகிவிடும் என்று எல்லாக் கட்சிக்காரர்களும் சொல்கிறார்கள். நம் தரங்கம்பாடியைப் பாருங்கள். மிஷனரி சீகன்பால்கு 1706-ல் டென்மார்க் ராஜா அனுப்பி இங்கே இறங்கினார். அனுப்பியவர் கிறிஸ்தவ ராஜா, கோட்டையில் இருந்த அதிகாரியும் கிறிஸ்தவர். அந்த அதிகாரிதான் அவரை நான்கு மாதம் சிறையில் வைத்தார். வெளியே வந்தவர் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சடித்தார், 1718-ல் புதிய எருசலேம் ஆலயத்தைக் கட்டி முடித்தார், அடுத்த வருடம் இறந்து அங்கேயே அடக்கமானார். யார் ஆட்சி என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் நம் கையில் அந்தப் புத்தகம் இருந்திருக்காது.

காலை 11:05
நான்: பெரியப்பா, ஒன்று செய்வோமா? இந்த மாதிரி எது வந்தாலும் ஃபார்வர்டு பண்ணாமல், யார் சொன்னது, என்ன தேதி, என்ன சொன்னார் என்று ஒரு நோட்டில் எழுதி வைப்போம். நடந்தால் ஸ்தோத்திரம் சொல்வோம், நடக்காவிட்டால் அதையும் எழுதுவோம். தம்பிக்கும் இதே சட்டம்தான், அவன் தலைவர் படத்தைக் காலை தியானத்துக்கு நடுவில் போடக்கூடாது.

காலை 11:30
சித்தி திருச்சி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

காலை 11:33
சித்தி திருச்சி: நான் வீடியோவைத்தான் எடுத்தேன். நீங்கள் சொல்வதால் அது பொய் என்று நான் ஒப்புக்கொள்ளவில்லை, பார்க்கலாம், நோட்டில் முதல் வரியாக எழுதிக்கொள். ஆனால் பிள்ளையைப் பார்த்து விசுவாசியா என்று கேட்டேனே, அது என் வாயிலிருந்து வந்திருக்கக் கூடாது.

மாலை 4:10
பெரியப்பா பொறையார்: மூன்றாவது தடவைதான் தம்பி போனை எடுத்தான். குழுவுக்கு இப்போது வரமாட்டானாம். ஈஸ்டருக்கு வருவாயா என்றேன், பதில் சொல்லவில்லை. உளுந்து எத்தனை மூட்டை ஆயிற்று என்று மட்டும் கேட்டான்.

மாலை 4:26
டல்லாஸ் அண்ணன்: அப்பா, திரும்ப நீங்கள் கூப்பிட வேண்டாம். நான் பேசுகிறேன்.

மாலை 4:31
சித்தி திருச்சி: யாரும் பேச வேண்டாம். ஈஸ்டருக்குப் பொறையார் வரும்போது தஞ்சாவூரிலிருந்து அவன் காரில் வருவதாகத்தானே இருந்தோம். நான் நாளைக்கே ஆராதனை முடிந்ததும் ரயிலேறி அவன் வீட்டுக்குப் போகிறேன். அத்தான், அவனுக்குப் பிடித்த அதிரசம் இன்றைக்கே சுடுகிறேன். முன்கூட்டி அவனிடம் சொல்லிவிடாதீர்கள்.

மாலை 4:33
நான்: சொல்லமாட்டேன் சித்தி. நாளைக்கு அவனுக்குக் கூட்டம் ஒன்றும் இல்லை, வீட்டில்தான் இருப்பான்.