மேசை, நாற்காலி, தகரம்: ஆடுவது யார்?

மூன்றாம்வரிசை:
நேற்று பார்த்த சமகால நடன நிகழ்ச்சி இன்னும் மனசை விட்டுப் போகலை. ஒரே மாலையில் இரண்டு படைப்புகள், நடுவில் இடைவேளை. முதலாவதில் இரண்டு பேர், ஒரு நீள மேசை, ஏழு மர நாற்காலிகள், இசையே கிடையாது. இரண்டாவதில் ஒரே ஒரு பெண். அவரைச் சுற்றி மேலிருந்து தொங்கும் தகரத் தகடுகள், ஒவ்வொன்றிலும் மைக்.

எனக்கு இரண்டுமே ஏமாற்றம். வருஷக்கணக்கா உடம்பைப் பழக்கினவங்களை நாற்காலி அடுக்கவும் கலைக்கவும் விடுறது எதுக்கு? இரண்டாவதில் தகடு போட்ட இரைச்சலில் ஆடினவரே காணாமல் போயிட்டார். பொருளும் சத்தமும் நடனத்துக்குத் துணையா வரலாம், அதோட இடத்தைப் பிடிச்சுக்கக் கூடாது.

ஒலிப்பொறி:
நானும் அதே அரங்கில்தான் இருந்தேன். காணாமல் போனார்னு சொல்றதை ஒத்துக்கவே முடியாது. தகடுகளில் ஒட்டியிருந்தது காற்றில் வரும் ஒலியைப் பிடிக்கிற சாதாரண மைக் இல்லை, கான்டாக்ட் மைக். தகட்டோட அதிர்வைத்தான் அது நேரடியா வாங்கும். ஒரு இடத்தில் அவர் முழங்கையைத் தகட்டுக்கு ஒரு சாண் தூரத்தில் நிறுத்தி, பட்டுனு பின்னால் இழுத்தாரே, பார்த்தீங்களா? தொடவே இல்லை. அந்தக் காற்றுக்கே தகடு வளைஞ்சு, தூரத்து இடி மாதிரி உறுமிச்சு. அந்த ஒலியை உண்டாக்கினது அவர் உடம்பு. நடனத்தைக் காதால் கேட்ட மாதிரி இருந்தது எனக்கு.

இது புதுசும் இல்லை. 1965-லேயே நடன அமைப்பாளர் மெர்ஸ் கன்னிங்ஹாமும் இசையமைப்பாளர் ஜான் கேஜும் ‘வேரியேஷன்ஸ் V’-இல் மேடையில் ஆன்டெனாக்களும் ஒளி உணரிகளும் வச்சு, ஆடுறவங்க அசைவே ஒலியைத் தூண்டும்படி செஞ்சாங்க.

மூன்றாம்வரிசை:
அந்த முழங்கை இடம் அற்புதம், மறுக்கலை. ஆனா அது முதல் ஐந்து நிமிஷத்தில் வந்தது. அதுக்கப்புறம் ஒவ்வொரு ஒலியையும் கணினியில் பிடிச்சுத் திரும்பத் திரும்ப ஓட விட்டாங்க. மூணு அடுக்கு ஏறினதும் எது இப்போ பிறந்த சத்தம், எது பழசுன்னே தெரியலை. அவர் கை எங்கேயோ போகுது, ஒலி எங்கிருந்தோ வருது. ‘உடம்பு உண்டாக்கின ஒலி’ங்கிற உங்க வாதம் அந்த இடத்திலேயே அறுந்து போச்சு.

ஒலிப்பொறி:
லூப் விஷயத்தில் நீங்க சொல்றது சரி. கடைசிப் பகுதியில் எனக்கும் அது அதிகமாத்தான் பட்டது.

ஒத்திகைக்கூடம்:
நான் ஆடுகிறவள், பொருட்களோடு வேலை செய்கிறவள். நீங்கள் இருவரும் தகடுகளையே பேசுகிறீர்கள். எனக்கு நாற்காலிகளைப் பற்றிப் பேச வேண்டும்.

‘அடுக்குவதும் கலைப்பதும்’ என்று சொல்லிவிட்டீர்கள். நாற்காலி கனம் உள்ள பொருள். அதை ஒரு காலில் நிற்க வைத்துச் சுழற்றும்போது அதன் எடை எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் என் இடுப்பு போயாக வேண்டும். அழகாகக் கை நீட்டலாம் என்ற என் பழக்கம் அங்கே செல்லாது. ஒரு மாதம் ஒத்திகை பார்த்தாலும் மரம் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் வேறு மாதிரிதான் விழும். ஆடுகிறவர் பொய் சொல்ல முடியாத நிலை அது.

ஜெர்மன் நடன அமைப்பாளர் பீனா பாஷின் ‘கஃபே முல்லர்’ (1978) நினைவிருக்கிறதா? மேடை முழுக்க நாற்காலிகள், கண்ணை மூடிக்கொண்டு ஓடும் பெண், அவள் மோதாமல் இருக்க நாற்காலிகளை அவசர அவசரமாக விலக்கும் ஒருவர். முதலில் அதைச் செய்தது மேடை வடிவமைத்த ரோல்ஃப் போர்சிக். அந்த விலக்கல்தான் அங்கே நடனம். இன்னொரு நடன அமைப்பாளர் வில்லியம் ஃபார்சைத்தின் ‘ஒன் ஃப்ளாட் திங், ரீப்ரொட்யூஸ்ட்’ (2000) 20 மேசைகளை இரைச்சலோடு இழுத்து வந்துதான் தொடங்கும். மேசைகளை எடுத்துவிட்டால் அந்த நடனமே இல்லை.

ஒலியை உடம்பிலிருந்து பிரிக்க நமக்கு எப்போது தோன்றியது? சலங்கை கட்டிய கால் ஆடவும் செய்கிறது, வாசிக்கவும் செய்கிறது.

மூன்றாம்வரிசை:
‘கஃபே முல்லர்’ல நாற்காலி ஒரு ஆபத்து. அவள் மோதிடுவாளோன்னு நமக்கு நெஞ்சு பதறும். நேற்று எனக்கு அந்தப் பதற்றம் வரலை. எந்த நாற்காலியும் யாரையும் தடுக்கலை.

ஒத்திகைக்கூடம்:
ஒன்று தடுத்தது. நடுவில், இருவரும் மேசையின் இரண்டு முனைகளில் அசையாமல் நின்ற நேரம். இளையவர் ஒரு நாற்காலியைத் தரையோடு மெதுவாக இழுத்தார். அதன் கால் தரைப் பலகை இடுக்கில் மாட்டி ‘கிறீச்’ என்றது. எதிர்முனையில் நின்றவரின் வலது தோள் தானாகத் தூக்கிக்கொண்டது. அவர் அதை இறக்கவில்லை. அடுத்த பத்து நிமிடமும் அந்தத் தூக்கிய தோளோடுதான் ஆடினார், கடைசியில் மேசைமேல் படுக்கும் வரை. இசை ஒலித்திருந்தால் அந்தச் சின்னச் சத்தம் நம் காதிலேயே விழுந்திருக்காது.

மூன்றாம்வரிசை:
தோள் தூக்கியே இருந்ததைப் பார்த்தேன். அது நாற்காலிச் சத்தத்தில் தொடங்கினதுன்னு கவனிக்கலை.

ஆனாலும் ஒண்ணு சொல்வேன். அவ்வளவு நுணுக்கமான மௌனத்துக்கு அப்புறம் தகர இடியைக் கொண்டு வந்து வச்சது தப்பு. வீட்டுக்கு வர்றப்போ காதில் தகரம் மட்டும்தான் இருந்தது.

ஒலிப்பொறி:
வரிசையை மாற்றியிருந்தா, இரைச்சல் அடங்கின காதோட அந்தக் ‘கிறீச்’சைக் கேட்டிருப்போம். இன்னும் ஒரு காட்சி இருக்கு, நான் மறுபடி போறேன். இந்தத் தடவை பக்கவாட்டு இருக்கை, மேசையோட அந்த முனை தெரியிற பக்கமா.