பாப்பாரப்பட்டி பெரிய வீடு – குழு உரையாடல்

காலை 6:41

முருகேசன்: எல்லாருக்கும் வணக்கம். நந்தினிக்கு வந்த காவேரிப்பட்டினத்து வரன் விஷயம். தரகர் பையனின் வருமான வரித் தாளும் பான் அட்டைப் படமும் அனுப்பியிருக்கிறார். தாள் திறக்கவில்லை. பாஸ்வேர்டு கேட்கிறது.

முருகேசன்: [படம்]

முருகேசன்: [பிடிஎஃப் கோப்பு]

அம்பிகா: எனக்கும் திறக்கவில்லை அண்ணா

சிவகாமி: பையன் களையாகத்தான் இருக்கிறான். காது மட்டும் கொஞ்சம் பெரிது.

மாது: திறக்காத தாளை அனுப்புகிறவன் எதையோ மறைக்கிறான்.

முருகேசன்: அண்ணா, வரி அலுவலகத்தில் உங்களுக்குத் தெரிந்தவர் ஒருவர் இருந்தாரே. பான் எண்ணைக் கொடுத்தால் சம்பளம் நிஜம்தானா என்று பார்த்துச் சொல்ல மாட்டாரா?

மாது: அவர் ஓய்வு பெற்றுவிட்டார். இருந்தபோதே வாயைத் திறக்க மாட்டார். எனக்கு அனுபவம் இருக்கிறது.

அம்பிகா: ஆரம்பித்துவிட்டார்

மாது: யார் ஆரம்பித்தது?

காலை 7:20

தினேஷ்: மாமா, யாரிடமும் கேட்க வேண்டாம். கேட்டாலும் கிடைக்காது. ஒருவர் துறைக்குக் கொடுத்த கணக்கைத் தெரிந்தவருக்காக எட்டிப் பார்த்துச் சொல்ல அதிகாரிக்கு உரிமை இல்லை. வருமான வரிச் சட்டத்தில் இதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. இன்னொருவர் கணக்கைப் பற்றித் தகவல் வேண்டுமென்றால் ஆணையருக்கு முறையாக விண்ணப்பிக்க வேண்டும். பொதுநலன் இருக்கிறது என்று அவருக்குத் தோன்றினால்தான் தருவார். மாப்பிள்ளை பார்ப்பதெல்லாம் அந்தக் கணக்கில் வராது.

சிவகாமி: கல்யாணம் பொதுநலன் இல்லையா?

தினேஷ்: அம்மா...

முருகேசன்: தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிப் போட்டால்? 10 ரூபாய்தானே.

தினேஷ்: அதையும் பலர் முயன்று பார்த்துவிட்டார்கள். கிரிஷ் ராமச்சந்திர தேஷ்பாண்டே வழக்கில் 2012லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, வருமான வரிக் கணக்கு தனிப்பட்ட தகவல் என்று. பெரிய பொதுநலன் இருந்தால் ஒழிய தர வேண்டியதில்லை. அதோடு இப்போது உள்ளூரில் ஆள் தெரிந்தும் பெரிய பயன் இல்லை. 2020இலிருந்து முகமறியா மதிப்பீடு வந்துவிட்டது. ஆய்வுக்கு எடுக்கிற கணக்கை எந்த ஊர் அதிகாரிக்குக் கொடுப்பது என்று கணினிதான் முடிவு செய்கிறது. பார்க்கிறவர் யார் என்று வரி கட்டுகிறவருக்கே தெரியாது.

அம்பிகா: நீளம் நீளமாக எழுதுகிறாய். பாஸ்வேர்டைச் சொல்.

தினேஷ்: அதைத்தான் சொல்ல வருகிறேன் சித்தி. அது கணக்கைச் சரிபார்த்த பிறகு துறையின் பெங்களூரு மையத்திலிருந்து மின்னஞ்சலில் வருகிற 143(1) அறிவிப்பு. பூட்டித்தான் அனுப்புவார்கள். பான் எண்ணை ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடித்து, அதை ஒட்டியே பிறந்த தேதியை எட்டு இலக்கமாக அடித்தால் திறக்கும். இரண்டும் பான் அட்டையிலேயே இருக்கின்றன. துறை பூட்டி அனுப்பியதைத் தரகர் சாவியோடு சேர்த்து அனுப்பியிருக்கிறார். போதாதென்று ஜாதகத்தையும் போன வாரமே இங்கே போட்டுவிட்டீர்கள். மாமா, முதலில் அந்தப் படத்தை நீக்குங்கள்.

அம்பிகா: திறந்துவிட்டது!

தினேஷ்: சித்தி!

அம்பிகா: நீ சொன்னபடிதான் போட்டேன்

சிவகாமி: எவ்வளவு?

முருகேசன்: எவ்வளவு?

அம்பிகா: ஒரே எண்ணாக இருக்கிறது. கடைசியில் திருப்பித் தர வேண்டியது என்று 4,310 ரூபாய் போட்டிருக்கிறது. கடன் இருக்கிறது போல.

மாது: நான் அப்போதே சொன்னேன்.

தினேஷ்: அது கடன் இல்லை. அதிகமாகப் பிடித்த வரியைத் துறைதான் அவருக்குத் திருப்பித் தருகிறது.

அம்பிகா: ஓ. எனக்கும் அப்படிப் பணம் வந்திருக்கிறது என்று லிங்கோடு செய்தி வந்ததே. நான் எங்கே வரி கட்டினேன்?

தினேஷ்: தொடாதீர்கள் சித்தி. துறை ஓடிபியையோ வங்கி ரகசிய எண்ணையோ கேட்காது. தொட்டுப் பணம் போய்விட்டது என்றால் உடனே 1930 என்ற இணைய மோசடி உதவி எண்ணுக்குப் பேச வேண்டும்.

அம்பிகா: தொட்டேன். சுற்றிக்கொண்டே இருந்தது. நெட் இல்லை.

சிவகாமி: பாப்பாரப்பட்டி நெட் காப்பாற்றியது

காலை 8:05

மாது: தினேஷ், நீ ஆடிட்டர் அலுவலகத்தில் இருப்பவன். ஒன்று கேட்கிறேன். 2018இல் மாந்தோப்பை விற்றேன். இரண்டு வருடம் கழித்து நோட்டீஸ் வந்தது. போட்டுக் கொடுத்தது யார் என்று நேரிலேயே போய்க் கேட்டேன். சொல்ல மாட்டோம் என்றார்கள். மற்றவர் ரகசியத்தை மட்டும் காப்பாற்றுகிறார்கள்.

சிவகாமி: இன்னும் அதே பேச்சு. ஒரு பொங்கலுக்குக்கூட என் வீட்டுக்கு நீங்கள் வரவில்லை.

மாது: நான் யார் பேரையும் சொல்லவில்லை.

சிவகாமி: சொல்லாமலே இத்தனை வருடம்.

தினேஷ்: பெரிய மாமா, கிரயம் எவ்வளவுக்குப் பதிவானது?

மாது: 34.

தினேஷ்: அப்படியானால் யாரும் எழுதிப் போட வேண்டிய தேவையே இல்லை. அப்போதெல்லாம் 30 லட்சமும் அதற்கு மேலும் உள்ள கிரயத்தைப் பத்திரப் பதிவு அலுவலகமே வருடா வருடம் துறைக்கு அனுப்பிவிடும். அன்றைய விதி அப்படி. புகார் கொடுத்தவர் பெயரைத் துறை வெளியிடாது என்பது உண்மைதான். ஆனால் உங்கள் விஷயத்தில் வெளியிடப் பெயரே இருந்திருக்காது.

காலை 8:31

அம்பிகா: பெரிய அண்ணன் படித்துவிட்டார். நீல டிக் விழுந்துவிட்டது.

சிவகாமி: படிக்கட்டும்

மாது: போச்சம்பள்ளிச் சந்தைக்கு யாராவது போகிறீர்களா? பெங்களூரா மாங்காய்க்கு விலையே இல்லை. கூழ்த் தொழிற்சாலைக்காரன் லாரியைத் திருப்பி அனுப்புகிறான்.

சிவகாமி: ஊறுகாய்க்கு எனக்கு ஒரு கூடை வேண்டும்

மாது: கொண்டுவந்து தருகிறேன்.

அம்பிகா: நேரிலா??

காலை 9:10

நந்தினி: இப்போதுதான் பார்க்கிறேன். அப்பா, அவர்கள் கேட்டார்கள் என்று என் சம்பளச் சீட்டையும் பான் அட்டையையும் தரகரிடம் கொடுத்தீர்களா?

நந்தினி: அப்பா?

முருகேசன்: தரகர் நல்லவர்தான்.

நந்தினி: நான் அதைக் கேட்கவில்லை.

தினேஷ்: நந்தினி, உன் வரித் தளத்துக்குள் போய்ப் பாஸ்வேர்டை மாற்று. உயர் பாதுகாப்பு என்று ஒரு வசதி இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் பாஸ்வேர்டு தெரிந்தவன்கூட ஆதார் ஓடிபி போன்ற இரண்டாவது பூட்டு இல்லாமல் உள்ளே போக முடியாது.

நந்தினி: மாற்றுகிறேன். காவேரிப்பட்டினத்தில் இந்நேரம் என் தாளையும் ஒரு சித்தி திறந்து பார்த்திருப்பாள்.

அம்பிகா: நான் இனிமேல் எதையும் திறக்க மாட்டேன்

சிவகாமி: ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்களா இல்லையா? பலகாரம் செய்ய வேண்டுமா?

முருகேசன்: தரகரிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன். நந்தினி தாளையும் அழிக்கச் சொல்கிறேன்.

நந்தினி: அழித்ததை எப்படித் தெரிந்துகொள்வீர்கள்?

முருகேசன்: ஞாயிறு மாலை என்றால் உனக்குச் சம்மதமா?

நந்தினி: முதலில் இங்கே இருப்பதை நீக்குங்கள்.

முருகேசன்: நீக்கிவிட்டேன். என் போனில் இரண்டும் இல்லை.

தினேஷ்: மாமா, எங்கள் போனில் அப்படியே இருக்கின்றன. ‘எனக்கு மட்டும் நீக்கு’ என்பதை அழுத்திவிட்டீர்கள். இனி குழு நிர்வாகிதான் எல்லாருக்குமாக நீக்க முடியும்.

அம்பிகா: நிர்வாகி யார்?

சிவகாமி: பெரிய அண்ணன்தான்

தினேஷ்: பெரிய மாமா, அந்தப் படத்தின் மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள். மேலே குப்பைத் தொட்டிப் படம் வரும்.

காலை 9:52

மாது: பிடித்தேன். இதயம் வந்திருக்கிறது.