கிளிநொச்சியில முதல் கேமிங் கணினி: எந்த யூபிஎஸ் தாங்கும்?

1080பி விளையாட்டுக்குப் பூட்டுறது. முடிவானவை: ரைசன் 5 5600 புரொசசர், பி550 மதர்போர்ட், 8 ஜிபி ரெண்டாக டிடிஆர்4 3200 ரேம், ஆர்எக்ஸ் 6600 கிராபிக்ஸ் கார்ட், 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி. பழைய பி450 போர்ட் மலிவுதான். ஆனா பயோஸ் (போர்டை எழுப்புற உள் மென்பொருள்) புதுப்பிக்காத போர்ட் இந்தப் புரொசசரோட எழும்பாது, அதால விட்டாச்சு.

இழுபறி கரண்டிலதான்; கரண்ட் போனா பற்றரியில ஓட விடுற யூபிஎஸ் எது எடுக்கிறது எண்டு தெரியேல்ல. கார்ட் 132 வாட், புரொசசர் 65; 550 வாட் பவர் சப்ளை தாராளம். ஆனா அக்டிவ் பிஎஃப்சி (கரண்ட் இழுக்கிறதைச் சீராக்கிற சுற்று) உள்ள சப்ளைக்கு மலிவு யூபிஎஸ்ஸின்ர சதுர அலை ஒத்துவராட்டி, கரண்ட் போன கணமே கணினியும் நிண்டிடும். 650 விஏ எண்டு எழுதியிருந்தாலும் பலதில கிடைக்கிறது 360 வாட் அளவுதான். பியூர் சைன் வேவ் (வீட்டுக் கரண்ட் மாதிரிச் சீரான அலை தாற) யூபிஎஸ் வவுனியாவில, யாழ்ப்பாணத்தில எடுக்கலாமோ? வாரண்டியோட என்ன விலை?

செம்மண் புழுதி வேற. மெஷ் கேஸுக்கு ஃபில்டர் போட்டுப் பாவிக்கிற ஆக்கள், கோடையில கார்ட் எத்தனை பாகை ஏறுது எண்டும் சொல்லுங்கோ.