லிகமென்டுக்குப் 'பிணைநார்': கணுக்கால் அறுவைச் சொற்கள்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

எலும்பை எலும்போடு கட்டும் லிகமென்ட், தசையை எலும்போடு கட்டும் டென்டன் இரண்டையும் 'தசைநார்' என்றே பலர் எழுதுகிறார்கள். சுளுக்கு அளவில் இது பெரிதாக இடிக்காது. கணுக்கால் அறுவை சிகிச்சையை விளக்கப் புகுந்தால் இடிக்கும். பாதம் உள்பக்கம் மடங்கும்போது பெரும்பாலும் முதலில் கிழிவது கால் வெளியெலும்பையும் (ஃபிபுலா), குதிகால் எலும்பின் மேல் அமர்ந்திருக்கும் டேலஸ் எலும்பையும் கட்டும் முன்புற லிகமென்ட். விசை கூடினால் அடுத்தது, வெளியெலும்பிலிருந்து குதிகால் எலும்புக்குப் போவது. இதைச் சரிசெய்யும் அறுவைகளில், புரோஸ்ட்ரோம் முறையில் அந்த லிகமென்டையே இழுத்துத் தைக்கிறார்கள். கிறிஸ்மன்-ஸ்னூக் முறையிலோ கணைக்காலின் வெளிப்புறத்தில் உள்ள குட்டைப் பெரோனியஸ் தசையின் டென்டனில் பாதியைப் பிரித்து, எலும்புத் துளை வழியே கோத்து, லிகமென்டின் வேலையைச் செய்யவைக்கிறார்கள். 'தசைநாருக்குப் பதில் தசைநார்' என்றால் நோயாளிக்கு என்ன விளங்கும்?

எலும்பை எலும்போடு கட்டுவது பிணைநார், தசையை எலும்போடு கட்டுவது தசைநாண். இப்படிப் பிரிக்கலாமா?

— மறுமொழி —

> எலும்பை எலும்போடு கட்டுவது பிணைநார்

முழு உடன்பாடு. 'எலும்பிணைப்பு நார்' துல்லியமானதுதான், ஆனால் கூட்டுச்சொல்லில் நீண்டுவிடும். 'பிணைநார்க் கிழிவு', 'முன்பிணைநார்' எல்லாம் வாயில் எளிதாக வருகின்றன.

அறுவையின் பெயரையும் பிரித்தாக வேண்டும். உள்ள பிணைநாரையே சரிசெய்வதைப் 'பிணைநார்த் தைப்பு' எனலாம். வேறு நாணைக் கொண்டு புதிதாக அமைப்பது 'பிணைநார் மறுகட்டமைப்பு'. இரண்டையும் 'சீரமைப்பு' என்பது தவறு. மறுகட்டமைப்புக்காகப் பெரோனியஸ் தசை பாதி நாணை இழந்தால், பாதத்தை வெளிப்புறம் திருப்பும் வலுவும் குறையக்கூடும். அறுவைக்கு ஒப்புதல் தரும் நோயாளிக்கு இது தெரிய வேண்டும்.

— மறுமொழி —

'தைப்பு' போதாது ஐயா. பல நேரம் பிணைநாரை எலும்பிலிருந்து பிரித்து, தொய்வைக் குறைத்து, நூல் கோத்த சிறு நங்கூரங்களை எலும்பில் பதித்து மீண்டும் கட்டுகிறார்கள். 'செப்பனிடல்' இதையும் அடக்கும். பாதத்தைக் கணைக்காலுக்குச் செங்குத்தாக, சற்றே வெளிப்புறம் திருப்பிப் பிடித்தபடி முடிச்சிட வேண்டும். உள்பக்கம் சாய்ந்திருக்க முடிச்சிட்டால் தொய்வு அப்படியே நின்றுவிடும்.

புரோஸ்ட்ரோம் 1966இல் எழுதிய முறைக்கு 1980இல் கூல்ட் சேர்த்தது, டென்டன்களை மேலெழாமல் அழுத்திப் பிடிக்கும் பட்டையின் விளிம்பை இழுத்து மேலே தைப்பது. அதற்கு 'நாண்பட்டை' என்பேன். அங்கே தையலில் மேற்புற பெரோனியல் நரம்பின் கிளை சிக்கினால் புறங்காலில் மரமரப்பு வரும்.

இன்னொரு இணை: 'தளர்வு', 'நிலையின்மை'. குதிகாலைப் பிடித்து முன்னால் இழுக்கும் சோதனையில் மருத்துவர் காண்பது தளர்வு. நடக்கையில் கால் பிசகுவதாக நோயாளி உணர்வது நிலையின்மை. தளர்வு இருந்தும் பிசகாத கால்கள் உண்டு. தளர்வை மட்டும் பார்த்துக் கத்தி எடுப்பதில்லை. சில மாதங்கள் பெரோனியல் தசைப் பயிற்சியும் சமநிலைப் பயிற்சியும் செய்தும் பிசகினால்தான் அறுவையை யோசிப்பார்கள். குதிகால் உள்நோக்கிச் சாய்ந்திருப்பதைக் கவனிக்காமல் விட்டால், செப்பனிட்ட பிணைநாரும் மறுபடி நைந்துபோகும்.

டேலஸை இப்போதைக்கு அப்படியே வைப்போம். 'கணுக்கால் எலும்பு' என்றால் பக்கத்தில் புடைத்திருக்கும் கணுமுனையையே பலரும் நினைப்பார்கள்.