முன்னாள் இராணுவ வீரர்களுக்கும் ஆதரவற்ற பிள்ளைகளுக்கும் நிதி திரட்டுவது எப்படி?

கேள்வி (பட்டர்வொர்த்):
அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஆலய இளைஞர் பிரிவு, வரும் தைப்பூசத்தின்போது பினாங்கின் தண்ணீர்மலை முருகன் ஆலயத்திற்குச் செல்லும் சாலையில் உண்டியல் ஏந்தி, உடலுறுப்பை இழந்த முன்னாள் இராணுவ வீரர்களுக்காகவும் ஓர் ஆதரவற்ற பிள்ளைகள் இல்லத்திற்காகவும் நிதி திரட்ட விரும்புகிறது. மலேசியாவில் 1968 முதல் 1989 வரை நீடித்த கம்யூனிஸ்ட் கிளர்ச்சியின்போது எல்லைக் காட்டில் கண்ணிவெடியில் கால் இழந்த பெரியவர் ஒருவர் எங்கள் தாமானிலேயே (குடியிருப்புப் பகுதியிலேயே) வசிக்கிறார். அவரைப் போன்றோருக்கு ஏதேனும் செய்ய வேண்டும் என்பதே எங்கள் ஆவல். என்ன அனுமதி தேவை?

பதில் 1 (ஜார்ஜ்டவுன்):
தம்பி, பொதுச் சாலையில் நிதி திரட்டுவதற்கு 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி காவல் துறையின் உரிமம் வேண்டும். திருவிழா நெருங்கும்வரை காத்திருக்காமல் முன்னதாகவே விண்ணப்பியுங்கள். வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவின் கீழ் அங்கீகாரம் பெற்ற அமைப்பின் வழியாகத் திரட்டினால், நன்கொடையாளர் அதன் ரசீதைக் காட்டி வரிக்கழிவு பெறலாம். நிறுவனங்களை அணுகும்போது இது பெரிதும் கைகொடுக்கும்.

பதில் 2 (கோலாலம்பூர்):
பிள்ளைகள் இல்லம் ஒன்றின் கணக்கை நான் கவனித்து வருகிறேன். தீபாவளி வாரத்தில் அரிசி மூட்டைகள் மாடிப்படி வரை அடுக்கப்பட்டிருக்கும். அதன்பின் பள்ளி வேன் கட்டணத்திற்கும், டியூஷனுக்கும், இரவில் பிள்ளைகளுடன் தங்கும் பணியாளரின் சம்பளத்திற்கும் பணம் தேட வேண்டியிருக்கும். விழாக்காலத்தில் கொட்டிக் கொடுப்பவரைக் காட்டிலும் மாதந்தோறும் பத்து வெள்ளி (ரிங்கிட்) தருபவரையே இல்லம் நம்பித் திட்டமிட முடியும். ஆகவே, உண்டியலோடு மாதாந்திர நன்கொடைப் படிவங்களையும் கொண்டு செல்லுங்கள். இல்லம் சமூக நல இலாகாவில் பதிவு பெற்றதா என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

பதில் 3 (ஈப்போ):
என் தந்தையும் செயற்கைக்கால் அணிந்தவர் என்பதால் சொல்கிறேன். வெட்டுண்ட காலின் எஞ்சிய பகுதி ஆண்டுகள் செல்லச் செல்ல மெலிவதால், முன்பு கச்சிதமாக இருந்த செயற்கைக்கால் தளர்ந்து, நடக்கும்போது உரசிப் புண்ணாக்கிவிடும். அதை மீண்டும் மீண்டும் சரிசெய்தும் மாற்றியும் ஆக வேண்டும். ஒருமுறை சக்கர நாற்காலி வழங்கிப் படம் எடுத்துக்கொள்வதால் இந்தத் தேவை தீராது. அரசின் முன்னாள் படைவீரர் நல இலாகா எதை வழங்குகிறது என்று முதலில் கேட்டறிந்து, விடுபட்டதற்கு மட்டும் உங்கள் நிதியைச் செலவிடுங்கள். வீரர்களுக்கும் பிள்ளைகளுக்கும் தனித்தனி உண்டியல் வையுங்கள். இரண்டையும் கலந்தால், யாருக்கு எவ்வளவு சென்றது என்று கேட்பவருக்குப் பதில் சொல்ல இயலாது.