செஸ் ஆடும் மென்பொருள்களான செஸ் என்ஜின்களை ஒன்றோடொன்று மோதவிட்டபோது உங்கள் மனத்தில் தைத்த சம்பவம் எது?

அஸ்தம்பட்டிக்காரன்:
ஸ்டாக்ஃபிஷ் என்ற என்ஜினிடம் லீலா என்ற என்ஜின் படுதோல்வி என்று எங்கள் செஸ் வட்டத்தில் ஒருவர் அறிவித்தார். வீட்டுக்கே போய்ப் பார்த்தேன். கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத பழைய மடிக்கணினி. திரையில் ஸ்டாக்ஃபிஷ் நொடிக்குப் பத்து லட்சம் நிலைகளை அலசுகிறது. லீலாவின் எண் நூறைத் தாண்டவே திணறுகிறது. லீலா குறைவாகத்தான் அலசும், தெரியும். ஆனால் அதன் நரம்பு வலைப்பின்னல், அதாவது ஆட்டங்களிலிருந்து கற்ற கணிப்பு முறை, ஓடத் தேவையான கார்டே இல்லாமல் என்ன போட்டி? “20 ஆட்டம் முடிந்துவிட்டது, இன்னும் என்ன சாட்சி வேண்டும்?” என்றார். இன்னும் மனம் ஆறவில்லை.

ஏற்காடு அக்கா:
எங்களிடம் ஒரே மாடல் மடிக்கணினிகள் இரண்டு. ஒன்றில் ஸ்டாக்ஃபிஷ், மற்றதில் கொமோடோ என்ற இன்னொரு என்ஜின். சேலத்தில், ஏப்ரல் மத்தியானம். கொமோடோ ஓடிய கணினியைத் தம்பி மெத்தைமேல் வைத்திருந்தான். அடியில் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. கண்ணெதிரே வேகம் பாதியாகச் சரிந்தது. சமமாகப் போய்க்கொண்டிருந்த யானை முடிவாட்டம் கைநழுவிப்போனது. பிறகு ஏற்காட்டில், 1,500 மீட்டர் உயரக் குளிரில் ஓடவிட்டோம். அந்தச் சரிவே இல்லை. சேலத்து வெயிலில் எடுத்த முடிவை நான் நம்பமாட்டேன்.

சூரமங்கலம் வாசகர்:
அக்கா சொல்வதை ஏற்க முடியவில்லை. வெயிலைக் குறை சொல்லிப் பயனில்லை. இரண்டு கணினி வைத்ததுதான் கோளாறு. எனக்கு ஒருமுறை ஆட்டத்தின் நடுவே மின்சாரம் போய்விட்டது, அவ்வளவுதான் என் கதை. ஆனால் இதைக் கேளுங்கள். ஒரே கணினியில் ஆடவிடுங்கள். எதிராளியின் நேரத்திலும் யோசிக்கும் வசதியை இரண்டு என்ஜின்களிலும் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒன்றின் பிராசஸரை மற்றது பறிக்கும். ஹாஷ் நினைவகமும் (அலசிய நிலைகளைச் சேமிக்கும் இடம்) திரெட் எண்ணிக்கையும் (ஒரே நேரத்தில் ஓடும் கணக்கீடுகள்) இரண்டுக்கும் ஒன்றாக இருக்கட்டும். தொடக்க நிலைகளை நீங்களே கொடுங்கள். கொடுக்காவிட்டால் ஒரே ஆட்டத்தைத் திரும்பத் திரும்ப ஆடும். ஒவ்வொரு தொடக்கத்தையும் வெள்ளை, கறுப்பு மாற்றி இருமுறை ஆடவிட வேண்டும். 20 ஆட்டத்தில் பிழை எல்லை நூறு எலோ (ஆட்டத் திறனை அளக்கும் மதிப்பீடு) புள்ளியையே தாண்டிவிடும். ஆயிரம் ஆட்டம் ஆடினாலும் பத்துப் பதினைந்து புள்ளி முன்னே பின்னே இருக்கும்.

குகை நண்பன்:
2017 டிசம்பரில், டீப்மைண்ட் நிறுவனத்தின் ஆல்ஃபாஜீரோ என்ற என்ஜின் ஸ்டாக்ஃபிஷுக்கு எதிரான 100 ஆட்டத்தில் 28 வெற்றி, 72 டிரா என்று செய்தி வந்த அன்று நானும் நண்பனும் டீக்கடையில் சண்டையே போட்டோம். ஸ்டாக்ஃபிஷுக்கு 1 ஜிபி ஹாஷ், நகர்வுக்கு ஒரு நிமிடம் என்று கட்டிப்போட்டுவிட்டார்கள் என்பது அவன் கட்சி, நியாயமான கட்சி. 2018இல் 3 மணி நேரம், நகர்வுக்கு 15 நொடி கூடுதல் என்று வைத்து 1,000 ஆட்டம் ஆடினார்கள்: 155 வெற்றி, 6 தோல்வி. அதன் பிறகுதான் அவன் அடங்கினான்.

சூரமங்கலம் ஐயாவுக்கு ஒரு கேள்வி. ஆல்ஃபாஜீரோ ஓடியது நரம்பு வலைப்பின்னலுக்கென்றே செய்த சில்லுகளில். ஸ்டாக்ஃபிஷ் ஓடியது சாதாரண பிராசஸரில். லீலாவுக்கும் இதே சிக்கல்தான். ஒரே கணினி என்கிறீர்களே, அதில் எந்த கார்டு, எத்தனை பிராசஸர் கோர் இருந்தால் இரண்டுக்கும் சமம்? அதைச் சொல்லுங்கள்.