ஓஎஃப்எல் எழுத்துருவைக் கட்டணச் செயலியில் சேர்க்கலாமா?

எழுத்தாணி:
குழந்தைகளுக்கான தமிழ் எழுத்துப் பயிற்சிச் செயலி ஒன்று செய்கிறேன். காசுக்குத்தான் விற்கப் போகிறேன். எடுத்திருக்கும் எழுத்துரு எஸ்ஐஎல் ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸ் (ஓஎஃப்எல்) 1.1 என்ற திறந்த உரிமத்தில் வருகிறது. முதல் நிபந்தனை தனியாக விற்காதே என்கிறது. இரண்டாவது, எந்த மென்பொருளோடும் சேர்த்து விற்றுக்கொள் என்கிறது. ஐந்தாவதுதான் வயிற்றைக் கலக்குகிறது: "ஃபான்ட் சாஃப்ட்வேர்" முழுவதும் இதே உரிமத்தில்தான் வெளியாக வேண்டுமாம். அப்படியானால் என் நிரலையும் திறந்துவிட வேண்டுமா? 'ழ'வின் வாலைக் கொஞ்சம் நீட்டியும் இருக்கிறேன்.

நெல்லைக்காரன்:
சேர்த்து வெளியிடும் நிரலையும் திறக்கச் சொல்லும் ஜிபிஎல் உரிமத்தைப் பற்றிக் கேள்விப்பட்ட பயத்தோடு இதைப் படிக்கிறீர்கள் போல. நிபந்தனைகளுக்கு மேலே வரையறைகள் இருக்கும். பலரும் தாண்டிப் போய்விடுகிற இடம் அது. உரிமையாளர் இந்த உரிமத்தில் வெளியிட்டு, அப்படியே தெளிவாகக் குறித்திருக்கும் கோப்புகள்தான் "ஃபான்ட் சாஃப்ட்வேர்" என்று அங்கே இருக்கிறது. உங்கள் செயலி அதில் வராது. எழுத்துருக் கோப்பு மட்டும், நீங்கள் வால் நீட்டியதும் சேர்த்து, ஓஎஃப்எல்லிலேயே இருக்க வேண்டும். நாளைக்கு யாராவது அதைச் செயலியிலிருந்து பிரித்தெடுத்துப் பயன்படுத்தினால் நீங்கள் தடுக்க முடியாது, அவ்வளவுதான்.

முதல் இரண்டுக்கும் முரண் இல்லை. வெறும் எழுத்துருவுக்கு விலை வைக்கக் கூடாது, செயலிக்கு வைக்கலாம். ஆனால் ஒவ்வொரு பிரதியிலும் காப்புரிமைக் குறிப்பும் உரிம வாசகமும் போக வேண்டும். ஓஎஃப்எல்.டிஎக்ஸ்டி கோப்பைச் செயலிக்குள் போட்டுவிடுங்கள்.

பவானி:
'ழ' விஷயத்தை விட்டுவிட்டீர்களே! அந்த ஓஎஃப்எல்.டிஎக்ஸ்டி கோப்பின் முதல் வரியில், காப்புரிமை ஆண்டுக்குப் பின்னால் "வித் ரிசர்வ்ட் ஃபான்ட் நேம்" (ஒதுக்கப்பட்ட எழுத்துருப் பெயர்) என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால், மாற்றிய எழுத்துருவுக்கு அந்தப் பெயர் கூடாது. வேண்டுமென்றால் உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். வெளிக்கோப்பின் பெயரை மட்டும் மாற்றினால் போதாது. பயனர் பார்க்கும் பெயர் எழுத்துருவின் உள்ளே இருக்கிறது. எழுத்துருவைத் திருத்தும் ஃபான்ட்ஃபோர்ஜ் மென்பொருளில் எலிமென்ட், ஃபான்ட் இன்ஃபோ போய் ஃபேமிலி நேமை மாற்றுங்கள். அளவைக் குறைக்கத் தேவையில்லாத எழுத்துகளை வெட்டி எடுப்பதையும் மாற்றமாகவே, இந்த உரிமத்தை வெளியிட்ட எஸ்ஐஎல் அமைப்பு கருதுகிறது.

எழுத்தாணி:
அந்த வரி இருக்கிறது. பெயரை மாற்றிவிட்டேன். இதே எழுத்துருவில் பயிற்சித் தாள்களை பிடிஎஃப் ஆக்கி விற்றால்?

நெல்லைக்காரன்:
தாராளமாக. ஐந்தாவது நிபந்தனையின் கடைசி வாக்கியமே அதற்குத்தான்: எழுத்துருவைக் கொண்டு உருவாக்கிய ஆவணத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. தாளை உங்கள் இஷ்டப்படி எந்த உரிமத்திலும் விற்கலாம்.